ஒரு வீட்டில் இரண்டு தொண்டை

கூட வேலை பார்த்தவர் தொண்டைப் புற்றுநோயில் போய்ச்சேர்ந்த பிறகுதான் லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தன் தொண்டைமேல் சந்தேகம் வந்தது. சாவுக்குப் போய்வந்த மறுநாள் காலை, வேலைக்கு எடுத்துப்போகும் டார்ச்சை வாய்க்குள் அடித்துக் கண்ணாடியில் பார்த்தார். நாக்கின் வேர்ப்பக்கம் சிவப்பாக, கொப்புளம் கொப்புளமாக ஒரு வரிசை. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதற்கப்புறம் வீடே அந்தத் தொண்டையைச் சுற்றித்தான் நடந்தது. எச்சிலை விழுங்கிப் பார்ப்பார். ஏதோ அடைக்கிற மாதிரி இருக்கும். கழுத்தைத் தடவித் தடவி அந்த இடமே கன்றிப்போயிருந்தது. ரொட்டி ஃபேக்டரியில் நாளெல்லாம் நின்றபடி பேக்கிங் வேலை செய்துவிட்டு மனைவி வந்தால், செருப்பைக் கழற்றுவதற்குள் டார்ச்சை அவள் கையில் திணித்துவிடுவார்.

"பெருசாயிருக்கா, பாரு."

"நேத்து இருந்த மாதிரியேதான் இருக்கு."

"நல்லா பாத்தியா?"

"உங்க தொண்டையில எனக்கு வழி அத்துப்படிங்க. கண்ணைக் கட்டி விட்டாலும் திரும்பி வந்துருவேன்."

கடைசியில் அவள் நச்சரிப்புத் தாங்காமல் காது மூக்கு தொண்டை டாக்டரம்மாவிடம் போனார். அவர் குழாய் விட்டுப் பார்த்து, கழுத்தை அழுத்திப் பார்த்து, கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "இது ருசி தெரியறதுக்கான மொட்டு. பொறந்ததுலேருந்து இருக்கு. இப்பதான் நீங்க பாத்திருக்கீங்க."

"எல்லாருக்குமா இருக்கும்?"

"நம்பிக்கை இல்லன்னா வீட்டுல யாரையாவது வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவியை ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார வைத்தார். அவள் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தாள். டாக்டரம்மா சொன்னது சரிதான். அதே மொட்டுகள், அதே வரிசை. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

"இருக்குடி, உனக்கும் இருக்கு."

கை அசைந்ததில் வெளிச்சம் கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்தது. அங்கே டான்சில் கோலிக்குண்டு மாதிரி புடைத்திருந்தது. அதன்மேல் சுண்ணாம்பு தொட்டு வைத்ததுபோல வெள்ளையாக ஒரு புள்ளி. இடப்பக்கம் அப்படி எதுவுமே இல்லை.

"இங்க வலிக்குதா?"

"தொண்டை வலிக்கல. அந்தப் பக்கத்துக் காதுதான் கொஞ்ச நாளா குத்துது."

"கொஞ்ச நாளுன்னா?"

"போன குளிர்காலத்துலேருந்து."

"ஏன் சொல்லல?"

"வீட்டுக்கு ஒரு நோயாளி போதும்னு விட்டுட்டேன்." சிரிப்புக்குத்தான் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. அவள் தாடைக்குக் கீழே விரலை வைத்தார். தன் கழுத்தில் எத்தனையோ தடவை தேடிக் கிடைக்காதது அங்கே கிடைத்தது. கெட்டியாக, தள்ளினால் நகராமல் ஒரு கட்டி.

மனைவி டாக்டரிடம் வர மறுத்தாள். லீவு போட்டால் சூப்பர்வைசர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார் என்றாள். மச்சினிக்கு ஃபோன் போட்டு, நீயாவது சொல்லு என்றார். "மாமா, உங்க சீக்கை இப்ப அக்காவுக்கும் ஒட்டவச்சாச்சா?" என்று அவள் சிரித்தாள். இத்தனை நாள் சும்மா பயந்ததற்கெல்லாம் சேர்த்து, இப்போது அவர் பேச்சு எடுபடவில்லை. கெஞ்சிக் கூத்தாடித்தான் அழைத்துப்போக வேண்டியிருந்தது.

வாசலில் அவரைக் கண்டதும், "மறுபடியுமா?" என்று சிரித்தார் டாக்டரம்மா.

"எனக்கில்லம்மா. இவளுக்கு."

உள்ளே விளக்கை அடித்துப் பார்த்தவர் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. கழுத்தை இரண்டு கையாலும் பொறுமையாகத் தடவினார். காதைப் பற்றி அவராகவே கேட்டார். பிறகு, "ஒரு துணுக்கு எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும்," என்று மட்டும் சொன்னார்.

ரிசல்ட் வந்தது. டான்சிலில் புற்று, கழுத்து வரைக்கும் பரவியிருந்தது. கதிர்வீச்சுக் கரண்டு வைத்தார்கள். கழுத்துத் தோல் கருகியது, வாயில் எச்சில் வற்றியது, மூக்கு வழியாகக் குழாயில்தான் சாப்பாடு. ஃபேக்டரியில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டது. தன் தொண்டையில் இருந்த அடைப்பு எப்போது போனது என்பது மெக்கானிக்குக்கே தெரியவில்லை.

வருடம் திரும்புவதற்குள் அது நுரையீரலுக்குப் போனது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று மச்சினி பொரிந்து தள்ளினாள். "உங்களைப் பாக்கவே அவளுக்கு நேரம் சரியாப் போச்சு மாமா. அவளை யாரு பாத்தா?"

மனைவி கையை அசைத்து அவளை நிறுத்தினாள். குரல் காற்றாகத்தான் வந்தது. "அவரை ஒண்ணும் சொல்லாத. அவராவது பாத்தாரே."

மெக்கானிக் பஞ்சை நனைத்து அவள் உதட்டில் ஒற்றினார். மச்சினி திட்டியதைத் தாங்க முடிந்தது. இதைத்தான் தாங்க முடியவில்லை.

கோடை பிறப்பதற்கு முன்பே அவள் போய்விட்டாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அவர் ஒன்றையே சொன்னார்: ஒரு பக்கத்துக் காது மட்டும் நாள்கணக்கா வலிச்சா சும்மா விடாதீங்க, தொண்டையையும் கழுத்தையும் காட்டுங்க. அவர்கள் தலையை ஆட்டினார்கள். பாவம், மனுஷனுக்குப் பழைய பயம் திரும்பிவிட்டது என்று வாசலில் செருப்பு மாட்டும்போது பேசிக்கொண்டார்கள்.