உர்சூலின் வாசலில் மூன்று மாலை

நியூ ஆர்லியன்சிலிருந்து நான் திரும்பி வந்த அன்று படகுத்துறையில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிப்ரவரியில் மாவு மூட்டைகளோடு ஆற்றின் போக்கிலேயே இறங்கிப் போயிருந்தோம். திரும்பும்போது மிசிசிப்பியை எதிர்த்துத் துடுப்புப் போட்டும், முடியாத இடங்களில் கரையில் இறங்கிக் கயிறு கட்டி இழுத்தும் ஆகஸ்டில்தான் சேன்-லூப் வந்து சேர்ந்தோம். ஊர் முழுக்கத் துறைக்கு வந்திருந்தது. சர்க்கரையை இறக்கினார்கள், சாராயப் பீப்பாய்களை உருட்டினார்கள், படகில் வந்த மற்றவர்களைக் கட்டிப்பிடித்தார்கள். என்னிடம் மட்டும் யாரும் வரவில்லை.

கடைசியில் பிடில்காரன் பசீல் வந்தான். என்னைவிடப் பத்து வயது மூத்தவன், என் அண்ணன் இயாசேந்தின் கூட்டாளி. என் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான்.

"உங்க அண்ணன் போயிட்டாருடா துசேன். ஏப்ரல் வெள்ளம் ஒரு மாட்டை அடிச்சிக்கிட்டுப் போச்சு. சின்னப் படகை எடுத்துக்கிட்டு அது பின்னாடியே போனாரு. மாடு கரையேறிடுச்சு."

அவன் என் தோளை விடவில்லை.

"இன்னொண்ணும் இருக்கு. வேற எவனாவது பல்லைக் காட்டிக்கிட்டுச் சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். உங்க அண்ணி வர்ற செவ்வாய்க்கிழமை கல்யாணம் பண்ணிக்குறா. கொல்லன் ஹேக்கட்டை."

ஆமோஸ் ஹேக்கட் ஒரு பாஸ்டன்காரன். பாஸ்டன் எந்தத் திசையில் இருக்கிறது என்று அவனுக்கே தெரியாது. கெண்டக்கிப் பக்கத்திலிருந்து வந்தவன். ஆனாலும் இங்கிலீஷ் பேசிக்கொண்டு கிழக்கிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் பிரெஞ்சு பேசும் எங்களுக்குப் பாஸ்டன்காரர்கள்தான். அவர்கள் எங்கள் கரையைப் பிடித்து எட்டு வருடம் ஆகியிருந்தது. எங்கள் பன்றிகளைச் சுட்டார்கள், எங்கள் வீடுகளில் தங்கினார்கள், சட்டம் வரும் வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எங்கள் பழைய கொல்லன் வெறுத்துப்போய் எதிர்க்கரைக்கு, ஸ்பெயின்காரன் மண்ணுக்குக் குடிபோய்விட்டான். அந்த உலைக்கூடத்தில்தான் இவன் வந்து உட்கார்ந்தான். கலப்பைக் கொழு தீட்ட வேறு ஆள் இல்லாததால் ஊரும் அவனைச் சகித்துக்கொண்டது.

துறையிலிருந்து நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். உர்சூல் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"வந்துட்டியா தம்பி. உள்ள சூப் இருக்கு."

"சாப்பிட வரல அண்ணி. செவ்வாய்க்கிழமைன்னு சொன்னாங்க."

"சரியாத்தான் சொல்லியிருக்காங்க."

"அண்ணன் மேல போட்ட மண்ணு கூட இன்னும் காயல."

"உங்க அண்ணன் மேல மண்ணே போடல. உடம்பு கிடைக்கல. பதினோரு நாள் கரையோரமா நடந்தேன்." அவள் கை நிற்கவில்லை. "ஜூலையில கோதுமை முத்திப்போய் நின்னுச்சு. எல்லாரும் அவங்கவங்க வயல் துண்டை அறுத்தாங்க. நம்ம துண்டை அறுத்தது யாருன்னு கேட்டியா?"

"நான் வந்து அறுத்திருப்பேன்."

"எப்போ? இன்னைக்கா?"

"அவன் நம்ம ஆளு இல்ல அண்ணி. சிலுவைக்குறி போடக்கூடத் தெரியாது அவனுக்கு."

"பாதிரியார்கிட்ட கத்துக்கிட்டாரு. உன்னைவிட ஒழுங்காப் போடறாரு."

நான் கிளம்பினேன். அவள் பின்னாலிருந்து, "கல்யாணத்துக்கு வந்தா வா. வரலைன்னா நான் அழப்போறதில்ல" என்றாள்.

விதவையோ மனைவியை இழந்தவனோ மறுபடி கல்யாணம் செய்தால், அன்று மாலை வாசலில் சாரிவாரி நடக்கும். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, செப்புப் பாத்திரங்களையும் மாட்டு மணிகளையும் அடித்து, கொம்பு ஊதி, புது மாப்பிள்ளையை வாய்க்கு வந்தபடி கேலி செய்வோம். ஜோடி வெளியே வந்து குடிக்கக் கொடுத்து ஒரு சுற்று ஆடினால் சத்தம் நின்றுவிடும். நின்றபிறகு யாரும் எதையும் மனதில் வைத்துக்கொள்வதில்லை.

செவ்வாய்க்கிழமை ஊரில் பாதிப் பேர் உர்சூல் வாசலில் இருந்தோம். வெயில் இன்னும் வேலியில் இருந்தது. முதல் பாத்திரம் முழங்கியதுமே கதவு திறந்து ஹேக்கட் நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை. கையில் துப்பாக்கி. அவன் தோளுக்குப் பின்னாலிருந்து உர்சூலின் கை வந்து குழலைத் தரைக்கு அழுத்தியது. அவன் காதில் ஏதோ சொன்னாள். அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. பிறகு உள்ளே போய்ப் பீப்பாயை உருட்டிக்கொண்டு வந்தான்.

"சுத்தியல தூக்குற கைக்கு இது கனமா இருக்கா மாப்பிள்ளை?" என்று யாரோ கத்தினார்கள்.

"அது இல்லப்பா, பொண்டாட்டிய தூக்கிப் பழகுறான்" என்றான் பசீல். பிடிலைத் தோளில் வைத்தான். ஹேக்கட் கரடி நடப்பதைப்போல ஒரு சுற்று ஆடினான். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவனும் சிரித்தான். என் அண்ணன் செதுக்கிய தூணில் சாய்ந்துகொண்டு சிரித்தான்.

உர்சூல் எனக்கும் ஒரு கோப்பை நீட்டினாள். நான் வாங்கவில்லை.

"குடிச்சிடு துசேன். அதோட முடிஞ்சுது" என்றான் பசீல் மெதுவாக.

"எனக்கு இன்னும் முடியல."

மறுநாள் மாலை ஆறு இளவட்டங்களைச் சேர்த்துக்கொண்டு போனேன். படகில் என்னோடு வந்தவர்கள். என் பங்குச் சாராயத்தை அவர்களுக்கு ஊற்றியிருந்தேன். ஒரு மணி நேரம் அடித்தோம். கேலி கேலியாக இல்லை. அவன் அம்மாவைப் பற்றிச் சொன்னோம், உர்சூலைப் பற்றியும் சொன்னோம். நான்தான் ஆரம்பித்தேன். கதவு திறக்கவில்லை. மூன்றாம் நாள் நான்கு பேர்தான் வந்தார்கள். அன்று அவளே வெளியே வந்தாள்.

"குடுக்க வேண்டியதை முதல் நாளே குடுத்தாச்சு. நீங்க நாலு பேரும் வீட்டுக்குப் போங்க. இது சாரிவாரி இல்ல. இது இவனோட பகை. இதுல உங்களுக்கு என்ன வேலை?"

இரண்டு பேர் பாத்திரத்தைக் கீழே இறக்கினார்கள். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

"பகைதான்" என்றேன். "எங்க அண்ணன் படுத்த கட்டில்ல பாஸ்டன்காரனைப் படுக்கவச்சிருக்கியே, உனக்கு வெக்கமா இல்ல?"

முதல் முறையாக அவளை அண்ணி என்று சொல்லாமல் பேசினேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அந்தக் கட்டிலை அவர் செத்த மறுமாசமே ஏழைகளுக்குக் குடுத்துட்டேன். நீ நேத்து வாசல்ல கத்தினதெல்லாம் என் புருஷன் கேட்டிருந்தா, உன்னை ஆத்துல தூக்கிப் போட்டிருப்பாரு. ரெண்டு புருஷன்ல யாரைச் சொல்றேன்னு நீயே யோசிச்சுக்கோ." உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

நான் கல்லை எடுத்தது அப்போதுதான். கண்ணாடிக்குப் பதிலாக ஒட்டியிருந்த ஜன்னல் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு அது உள்ளே போனது. ஏதோ மண்பாண்டம் உடைந்தது. விடாமல் பாத்திரத்தை அடித்தேன். சத்தம் கேட்டுத் தெருவின் மறுபக்கத்திலிருந்து பசீல் ஓடிவந்தான். "போதும்டா, குடுடா இதை" என்று என் கையிலிருந்த பாத்திரத்தைப் பிடித்து இழுத்தான். நான் விடவில்லை. இருவரும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தபோது கிழிந்த ஜன்னல் வழியாகத் துப்பாக்கி வெடித்தது.

குண்டு பாத்திரத்தில் பட்டது. பசீல் தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தான். நடுவிரலும் மோதிர விரலும் இல்லை. கத்தவில்லை. "இது பிடில் கை" என்றான், ஏதோ எங்களுக்குத் தெரியாது என்பதுபோல. ஹேக்கட்தான் ஓடிவந்து, அவனை உலைக்கூடத்துக்கு அழைத்துப்போய், இரும்பைப் பழுக்கவைத்துக் காயத்தைச் சுட்டு ரத்தத்தை நிறுத்தினான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் ஊர் கூடியது. ஊர்த்தலைவர் கபோரி கிழவர் நடுவில் நின்றார். நான்தான் முதலில் பேசினேன். ஊர் மனிதனின் கையைச் சிதைத்தவன் ஊரில் இருக்கக்கூடாது, உலைக்கூடத்தைப் பூட்டி அவனைத் துரத்த வேண்டும் என்றேன். பலர் தலையாட்டினார்கள். எனக்குத் தைரியம் வந்தது.

கபோரி ஹேக்கட்டைப் பார்த்தார். அவன் தொப்பியைக் கழற்றவில்லை. ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பேசினான்.

"கெண்டக்கி. என் வீடு. நான் வெளிய. சத்தம் வந்துச்சு, கூட்டம் வந்துச்சு. நான் வந்தேன், பொண்டாட்டி இல்ல, பையன் இல்ல. செத்தாச்சு." மூச்சு வாங்கினான். "பசீல் கை, எனக்குத் துக்கம். இவன் மறுபடி வந்தா, மறுபடி சுடுவேன்."

கூட்டம் முணுமுணுத்தது. உர்சூல் முன்னால் வந்தாள்.

"ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன். முதல் நாள் எங்க வாசல்ல குடிச்சவங்க கையைத் தூக்குங்க."

மெல்ல மெல்லக் கைகள் எழுந்தன. கபோரி கிழவரும் தூக்கினார்.

"அப்ப அது முடிஞ்சுதா, இல்லையா?"

தூக்கிய கைகள் இறங்கின. கபோரி பசீலைக் கேட்டார். "கை உன்னோடது. நீ சொல்லு."

பசீல் கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்திருந்தான். எனக்காகப் பேசுவான் என்றுதான் நினைத்தேன்.

"சுட்டது அவன். சுடவச்சது துசேன். அவனைத் துரத்துனா இவனையும் துரத்துங்க. இல்லைன்னா ரெண்டு பேரும் இருந்து எனக்கு உழைக்கட்டும்."

அப்படியே தீர்ந்தது. பசீலுக்கு இரும்பு வேலை எதுவானாலும் ஹேக்கட் செய்து தர வேண்டும். பசீலின் நிலத்தை நான் உழுது, விதைத்து, அறுத்துக் கொடுக்க வேண்டும். உர்சூல் வேலிக்குள் நான் கால் வைக்கக்கூடாது.

நான்கு வருடம் உழுதேன். பசீல் வரப்பில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பான்.

"கோணலாப் போகுதுடா. பாத்திரம் அடிக்கிற கைக்குக் கலப்பை எங்க பிடிபடும்."

முதல் வருடம் அது விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அதன்பிறகு நானும் சிரிக்கவில்லை. ஒருநாள் தாங்காமல், "அண்ணன் மேல இருந்த பாசத்துலதான் பண்ணேன் பசீல்" என்றேன்.

"அவரு மேல எனக்கும் பாசம் இருந்துச்சு. நான் போய் ஒரு ஜன்னலையும் உடைக்கல. உழு."

ஐந்தாம் வருடம் குளிர்காய்ச்சலில் பசீல் செத்தான். கடைசிவரை என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. என் கொழு மழுங்கினால் ஹேக்கட்டிடம் போகாமல் ஆறு மைல் நடந்து பக்கத்து ஊரில் தீட்டிக்கொண்டு வந்தேன். உர்சூலுக்கு இரண்டு பெண்கள் பிறந்தார்கள். தெருவில் என்னைக் கண்டால் ஒதுங்கிப் போக அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

பிறகு பாஸ்டன்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். எங்களவர் பலர் அக்கரைக்குப் போய்விட்டார்கள். வந்தவர்களுக்கு எங்கள் பொது வயல் கண்ணை உறுத்தியது. ஊருக்கே ஒரே வேலி, உள்ளே ஆளுக்கொரு நீளத் துண்டு, அறுப்பு முடிந்ததும் எல்லார் மாட்டுக்கும் பொது மேய்ச்சல். அதைப் பிரித்துத் தனித்தனியாக வேலி போட வேண்டும் என்று மனு கொடுத்தார்கள். கோயில் வாசலில் வாக்கெடுப்பு.

ஹேக்கட் எழுந்தான். தாடி நரைத்திருந்தது. முதலில் இங்கிலீஷில் தன் ஆட்களிடம் பேசினான். பிறகு எங்களிடம், அதே உடைந்த பிரெஞ்சில். "இந்த வேலி நல்ல வேலி. பதினாலு வருஷம் நான் கட்டினேன். பிரிச்சா சின்ன வயல்காரன் சாவான்." அவன் ஆட்கள் அவனைத் துரோகி என்று கத்தினார்கள். ஒருவன் அவன் காலடியில் துப்பினான். வேலி இருக்கட்டும் என்பவர்களைக் கையைத் தூக்கச் சொன்னார்கள். அவன் தூக்கினான். இரண்டடி தள்ளி நின்ற நானும் தூக்கினேன்.

நாங்கள் தோற்றோம். அந்தக் குளிர்காலத்திலேயே வேலியைப் பிடுங்கி அடுப்பெரித்தார்கள். கூட்டம் கலைந்தபோது உர்சூல் என்னைக் கடந்து போனாள். ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். அவள் புருஷனின் கோட்டில் பட்ட எச்சிலைத் தன் இடுப்பில் கட்டியிருந்த முன்துணியால் துடைத்துவிட்டு, அவன் கையைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பாமலே போனாள்.