வெறுமையாகத் திரும்பிய சட்டி

செர்ரிப் பூக்கள் உதிரத் தொடங்கிய வாரத்தில், பின்தெருவில் தனியாக வாழும் ஷிகெசோ ஒரு சட்டி நிறைய மூங்கில் குருத்து கொண்டுவந்தார். அவற்றைத் தவிட்டு நீரில் வேகவைத்து, அந்நீரிலேயே ஆறவிட்டுக் கசப்பை நீக்கினேன். கடற்பாசியோடு சமைத்து அதே சட்டியில் திருப்பிக் கொடுத்தேன். எங்கள் தெருவில் பிறர் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பினால், இனி வராதே என்று பொருள்.

சட்டி நாள்தோறும் வந்தது, போனது. அவர் மட்டும் வாசற்படியைத் தாண்டவில்லை. என் மேசையில் அமர்ந்து உண்ணுமாறு அவரை அழைக்கவேண்டும். கணவரை இழந்து பல ஆண்டுகளான எனக்கு அதற்கு நா எழவில்லை.

சனிக்கிழமை துணிந்துவிட்டேன். ரைஸ் குக்கரில் மூங்கில் குருத்துச் சோறு வெந்துகொண்டிருந்தது. மேலே தூவ இளந்தளிர் கிள்ளிக்கொண்டிருந்தபோதே அவர் வந்துவிட்டார்.

"மிட்சுயோ அம்மா, சட்டி இருக்குங்களா?"

"இ... இருக்குங்க. இந்தாங்க!"

மூடியைத் திறந்து பார்த்தவரின் முகம் வாடியது.

"சரிங்க. புரிஞ்சுதுங்க."

குனிந்து வணங்கிவிட்டுப் போனார். சொல்லாமலே என் மனம் புரிந்துவிட்டது, வெட்கம் போலும் என்று பூரித்து நின்றேன். அப்போது குக்கர் கூவியது. சோறு முழுவதும் அதனுள்தான் இருந்தது. கழுவித் துடைத்த வெறுஞ்சட்டியையல்லவா கொடுத்திருக்கிறேன்!

குக்கரின் உள்பாத்திரத்தைத் துண்டால் சுற்றி அணைத்துக்கொண்டு ஓடினேன்.

மீன்கடைக் குனிகோ கத்தினாள்: "அக்கா! வீட்டுக்குள்ள போடுற செருப்போட தெருவுலயா? நீங்களா? உலகம் அழியப்போகுதா?"

"வழிய விடுடி!"

கால்வாய்க்கரைச் செர்ரி மரத்தடியில், மடியில் சட்டியோடு அவர் அமர்ந்திருந்தார்.

"கசப்பு போகலீங்களா? முத்தின குருத்தத் தோண்டிட்டேன் போல..."

"கசப்பாவது ஒண்ணாவது! சோத்தப் போட மறந்துட்டேங்க!"

"நீங்க? மறந்தீங்க?"

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். சோறு சிந்தாமல் சிரிப்பது எளிதன்று. அவர் சட்டியை நீட்டினார். அதன் அடியை மூடுமளவுக்குப் பூவிதழ்கள் உதிர்ந்திருந்தன.

"நான் வெறுஞ்சட்டி தரமாட்டேன், பாத்துக்குங்க."

"போதும் கேலி. இனிமே சட்டி அலைய வேணாம். நீங்களே வாங்க, சூடா சாப்பிடலாம்."

வாசலில் அவர் காலணியைக் கழற்றினார். என் செருப்பில் ஒரே சேறு, கழற்றி எறிந்தேன். இருவரும் காலுறையோடு வழுக்கி வழுக்கி உள்ளே போனோம். அன்று சட்டி அவர் வீட்டுக்குத் திரும்பவில்லை.