ஏரிக்கரையில் இருபத்தாறு ஜோடி செருப்பு

இந்தக் காலத்தில் எவனும் வரிசையில் நிற்பதில்லை. அம்பத்தூர் ஸ்டேஷனில் டிக்கெட் எடுக்கப் போனால் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு முன்னால் போகிறது. கேட்டால் அவசரமாம். எல்லாருக்கும்தான் அவசரம். இப்படி இருக்கிற நாளில்தான், போன வருஷம் மே மாதம், திருநின்றவூர் ஏரியிலிருந்த கொக்கு, நாரை, கூழைக்கடா எல்லாம் விடிகாலையில் கரையேறி, இருபத்தாறு ஜோடி செருப்புக்குப் பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நின்றன. தள்ளுமுள்ளு கிடையாது.

செருப்புகள் மண்ணூர்பேட்டையில் எங்கள் தெருப் பிள்ளைகளுடையவை. அவர்களுடைய தாத்தாமார் அடுத்தவன் வயலில் நாற்று நட்டவர்கள். அப்பாமார் அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளில் லேத் ஓட்டுகிறார்கள். தெருவில் லாரித் தண்ணீர் வரும் நாளில் குடம் வைத்து இடம் பிடிப்பார்கள். குடம் இல்லாவிட்டால் செருப்பு. செருப்பை விட்டுவிட்டு ஆள் வேலைக்கே போய் வரலாம், அந்த இடத்தை யாரும் தொட மாட்டார்கள். தொட்டால் பொன்னியம்மா கேட்பாள். கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவும் அவளுக்கு அந்த அதிகாரத்தை யாரும் கொடுக்கவில்லை. ஆனாலும் வரிசை அவளுடையது.

அதே தெருவிலிருந்து முதன்முதலாக ஐ.டி. வேலைக்குப் போன பூபாலன், பிளாட்டுப் பிள்ளைகள் பணம் கட்டி மலைக்குப் போய்க் கூடாரத்தில் படுக்கிறார்கள், நம் பிள்ளைகள் ராத்திரியில் வெளியே வந்ததெல்லாம் டிரான்ஸ்பார்மர் வெடித்த அன்றைக்குத்தான் என்று சொல்லி, லீவு போட்டு, அனுமதிக் கடிதம் வாங்கி, ஏரிக்கரையில் ஒரு ராத்திரி முகாம் ஏற்பாடு செய்தான். இலவசம் என்றதுமே எனக்குச் சந்தேகம். பொன்னியம்மாவுக்கும்தான். ஆனால் அவளுடைய பதிமூன்று வயசு மகள் காவ்யா, கூழைக்கடா தூங்கி எழுந்திருப்பதைப் பார்த்தே ஆகணும் என்று ஒரு வாரம் உயிரை எடுத்தாள்.

"போய்த் தொல. எவனாச்சும் வெரட்டினான்னு என் காதுல விழுந்துச்சு, அதான் கடைசி. அப்பால எங்கியும் அனுப்ப மாட்டேன்," என்றாள் பொன்னியம்மா.

விரட்டினார்கள். ஏரியைப் பார்த்து எழும்பியிருக்கிற புது பிளாட்டின் சங்கச் செயலாளர் பார்த்தசாரதி சாயங்காலம் பத்துப் பேரோடு வந்து, எந்த ஊர் என்று கேட்டார். மண்ணூர்பேட்டை என்றான் பூபாலன். "மண்ணூர்பேட்டைல எந்தத் தெரு?" தெருப் பெயரைக் கேட்டதும் அரை அடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டார். பிறகு ஏரியில் பாம்பு இருக்கிறது என்று பிள்ளைகள்மேல் அக்கறைப்பட்டார். கடிதத்தைக் காட்டியபோது அது ஆறு மணிக்குமேல் செல்லாது என்றார். அப்படி அதில் எழுதியிருக்கவில்லை. எழுதியிருப்பதாகப் பத்துப் பேரும் சொன்னார்கள்.

கிளம்பும்போது காவ்யா செருப்பைக் கழற்றித் தண்ணீரோரம் வைத்தாள். "எங்க எடம் இது. காலைல வருவோம்." மற்ற இருபத்தைந்து பேரும் பின்னாலேயே வைத்தார்கள். வெறுங்காலோடு நடந்து, ஸ்டேஷன் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்து வராந்தாவில் படுத்தார்கள்.

செருப்புகளைப் பொறுக்கி வீசச் சொல்லி பிளாட்டுக் காவலாளி முனியனை அனுப்பினார்கள். முதல் ஜோடி ரப்பர் செருப்பு, வார் அறுந்து ஊக்கு குத்தினது. நகரவில்லை. நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள். கயிறு கட்டிக் காரால் இழுத்தார்கள், பம்பர் மட்டும் கழன்று வந்தது. "ஆள் நிக்கிற எடம் சார் அது, நான் கை வெக்க மாட்டேன்," என்று முனியன் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். விடிந்தபோது பறவைகள் வரிசையில் நின்றன. ஆறரை மணிக்கு பிளாட்டில் ஒரு குழாயிலும் தண்ணீர் வரவில்லை. மோட்டார் ஓடியது, போர்வெல்லில் தண்ணீரும் இருந்தது. முன்னால் ஆள் இருக்கும்போது அது மேலே ஏறவில்லை, அவ்வளவுதான்.

பார்த்தசாரதி பல் விளக்காமல் மண்டபத்துக்கு ஓடினார். "பாப்பா, வந்து செருப்ப போட்டுக்கோம்மா."

"நேத்து ராத்திரி எங்களுது சார். அத்த நீங்க எடுத்துகினீங்க," என்றாள் காவ்யா. "ராத்திரிய குடுங்க, போட்டுக்கறோம்."

அதற்குள் விஷயம் காதில் விழுந்து, மகளை இழுத்துப்போக ரயிலேறி வந்துவிட்டாள் பொன்னியம்மா. கரைக்கு வந்தவள் கண்ணில் முதலில் பட்டது, இரண்டு நாரைக்கு நடுவே பக்கெட்டைச் சொருகிக்கொண்டிருந்த ஒரு பிளாட்டு அம்மாள். "இன்னாம்மா, படிச்சவதான நீ? பக்கெட்ட பின்னால எடு. அந்தக் கடைசிக் கொக்குக்கு அப்பால ஒன் எடம்." அதோடு வந்த வேலையை மறந்தாள். சாயங்காலத்துக்குள் எண்பத்துநாலு வீட்டு பக்கெட்டும் அவள் சொன்ன இடத்தில் நின்றது. கேட்ட ராத்திரி கிடைத்து, பிள்ளைகள் கரையில் படுத்தார்கள். வரிசையை விட்டுப் போக பயந்து பிளாட்டுக்காரர்களும் அங்கேயே படுத்தார்கள். கேன் தண்ணீரில் பொங்கிய சாம்பார் சாதத்தைப் பிள்ளைகளுக்கும் கொடுத்தார்கள். உப்பு கொஞ்சம் தூக்கல் என்று கேள்வி.

விடியும்போது கூழைக்கடா முதுகில் புதைத்த அலகை எடுத்து, வாயைப் பை மாதிரி விரித்துக் கொட்டாவி விட்டது. காவ்யா அதைக் கடைசிவரை பார்த்தாள். பிறகு செருப்பைப் போட்டாள். எடை இல்லை. இருபத்தாறாவது பிள்ளையும் போட்டு முடித்ததும் பறவைகள் முறைப்படி ஏரிக்குப் போயின. அதற்கப்புறம்தான் குழாய்கள் திறந்தன.

"அடுத்த வருசம் கொடத்த எடுத்துகினு போ," என்றாள் பொன்னியம்மா மகளிடம். "செருப்பு தேஞ்சி பூடும்."

இந்த வருஷமும் முகாம் நடந்தது. பிள்ளைகள் குடத்தோடு போனார்கள், பறவைகள் பின்னால் நின்றன, அது இப்போது வழக்கம். பிளாட்டுக்காரர்கள் ரொம்ப மாறிவிட்டார்கள் என்று பூபாலன் என்னையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். பார்த்தசாரதி அவர் கையாலேயே டீ கொடுத்தார். "நீங்களும் மண்ணூர்பேட்டையா? அங்க எந்தத் தெரு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். சும்மாதான் கேட்டிருப்பார் என்றான் பூபாலன். இருக்கலாம். கொக்கு வரிசையில் நின்றதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. டீயைக் கீழே வைத்துவிட்டு ஸ்டேஷனைப் பார்த்து நடந்தேன்.