நாற நாறக் கழுவிய கொட்டகை

அக்கா போனில் சொன்னது இவ்வளவுதான்: "உங்க அத்தான் என் கோழிக்கொட்டகையைக் கழுவி விட்டுட்டாருடா. மண்வெட்டி பிடிக்க ஆள் வேணும், வா." கழுவியது நல்ல காரியம்தானே, இதற்கு ஏன் அழாத குறையாகப் பேசுகிறாள் என்று எண்ணியபடி பஸ் ஏறினேன். அவள் தெருமுனையில் இறங்கியதும் பதில் மூக்கில் வந்து ஏறியது.

வாடகை வீடு. மாடியில் வீட்டுக்காரம்மா, கீழே அக்காவும் அத்தானும், பின்பக்கம் கொட்டகை. அதிலுள்ள முட்டைக்கோழிகள்தான் அக்காவுக்கு எல்லாம்; பிள்ளை போல வளர்த்தவை. தரையில் மரத்தூளும் இழைப்புச் சுருளும் கனமாகப் பரப்பி, எச்சம் விழ விழக் கிளறிவிட்டு, அதன்மேலேயே புதுத்தூள் போட்டுக்கொண்டு வருவாள். வாரிக் கொட்டுவது வருடத்துக்கு ஒருமுறைதான். ஆழ்கூளம் என்று அதற்குப் பெயர். காய்ந்திருக்கும்வரை தானே மட்கும், நாறாது என்பாள். எனக்கு அப்போதும் அது அருவருப்புதான். தான் கழித்ததன் மேலேயே நடக்கிற பிராணியின் முட்டையைக் கொஞ்சம் யோசித்துத்தான் உடைப்பேன்.

அத்தானுக்கு ஆஸ்பத்திரியில் துப்புரவு மேற்பார்வை வேலை. அக்கா தன் நாத்தனார் பிரசவத்துக்குப் போயிருந்த சமயம், திரும்பி வந்து பார்த்து மகிழட்டும் என்று கூளத்தின்மேல் ஹோஸ் பிடித்திருக்கிறார். மறுநாள் லேசாக நாறியது. அழுக்கு இன்னும் போகவில்லை என்று மறுபடி பிடித்தார். நாற்றம் கூடியது, ஃபினாயில் கலந்து பிடித்தார். நாற நாறக் கழுவினார், கழுவக் கழுவ நாறியது. கறுப்புத் தண்ணீர் சந்து வழியாக ஓடி வாசலில் தேங்கியபோதுதான் கை நின்றது. அதற்குள் வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டார். அன்று காலை அக்கா ஊரிலிருந்து வந்து இறங்கியதும், "சாயங்காலம் இறங்கி வருவேன். நாத்தம் இருந்துச்சுன்னா இந்த வீட்டுல கோழி இருக்காது" என்று சொல்லிவிட்டார்.

கொட்டகைக் கதவைத் திறந்ததும் முதலில் கண்தான் எரிந்தது. கூளத்தின்மேல் வழவழவென்று ஒரு ஏடு படிந்திருந்தது. மண்வெட்டியால் குத்தினேன். ஏடு உடைந்து உள்ளிருந்து கறுப்புச் சகதி கொப்பளித்தது. அதில் வெள்ளைப் புழுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெளிந்தன. கோழிகள் குறுக்குக் கம்பில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன; ஒன்றுகூடக் கீழே இறங்கவில்லை. கால்விரல்களில் எச்சம் உருண்டை உருண்டையாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. இரண்டொன்றுக்குக் கண் வீங்கி நீர் வடிந்தது.

"வாயை மூடிக்கிட்டு வெட்டுடா," என்றாள் அக்கா.

"வாயை மூடிக்கிட்டுத்தான் இருக்கேன். மூக்கை எதால மூடுறது?"

"ஆஸ்பத்திரியில நான் பார்க்காத நாத்தமா, மச்சான்? இதெல்லாம்..." என்று ஆரம்பித்த அத்தான், முடிக்காமல் வெளியே ஓடினார். சுவரோரம் அவர் ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது.

"அப்படியே அதையும் கழுவிட்டு வாங்க," என்று அக்கா உள்ளிருந்து குரல் கொடுத்தாள்.

நான் சிரித்திருக்கக் கூடாது. சிரித்த வாய்க்குள் ஒரு துளி தெறித்தது. அடுத்த முறை ஓங்கரித்தது நான்.

கூடை கூடையாக வாரி மாடிப்படிக்குக் கீழே கொட்டினோம். தண்ணீர் எட்டாத ஒரு மூலையில் மட்டும் பழைய கூளம் காய்ந்து கிடந்தது. மண்வெட்டியை ஓங்கிய என்னை அக்கா தடுத்தாள்.

"அதைத் தொடாத. புதுத்தூளுக்கு அதுதான் உறை."

"பாலா இது, உறை ஊத்துறதுக்கு?"

அவள் ஒரு பிடி அள்ளி, இறுக்கிப் பிடித்து விட்டாள், உதிர்ந்தது. பிறகு அதை மூக்குக்கு நேரே கொண்டுபோய் முகர்ந்தாள். கூடப் பிறந்தவள் என்றும் பாராமல் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

தச்சுப்பட்டறையிலிருந்து வந்த மரத்தூள் மூட்டைகளைப் பிரித்துப் பரப்பினோம். மூலையிலிருந்ததை அதில் தூவிக் கிளறினாள். கோழிகள் ஒவ்வொன்றாக இறங்கிச் சீய்க்கத் தொடங்கின.

வீட்டுக்காரம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். "ம், இங்க பரவாயில்ல." திரும்பியவர் நின்றார். "அது என்னடி, என் படிக்குக் கீழ மலை மாதிரி?"

"கோழி எருங்கம்மா. காஞ்ச இலை போட்டு மூடி வெச்சா கொஞ்ச நாள்ல அடங்கிடும்."

"அந்தக் கொஞ்ச நாளும் நான் அது மேலதான் ஏறி இறங்கணுமா? இது இங்க இருந்தா கோழி இங்க இல்ல."

"வேற எங்க வைக்கட்டும்?"

"எங்க வேணா வை. நான் நடக்கிற வழியில வேணாம். நான் படுக்கிற முன்பக்கமும் வேணாம்."

அக்கா சுற்றிலும் பார்த்தாள். முன்பக்கமும் படிக்கட்டும் போனால் மிஞ்சியது பக்கவாட்டில் ஒரு ஜன்னலடிதான். அங்கே கை நீட்டினாள்.

அத்தான் பதறினார். "அது நாம படுக்கிற ரூம்!"

"தெரியும்."

"ஜன்னல்?"

"சாத்திக்கலாம்."

"இந்த வெக்கையிலயா?"

"அப்ப கோழியைப் பிடிச்சுக் கொடுத்துடலாமா? நீங்களே உங்க வாயால சொல்லுங்க."

அத்தான் மண்வெட்டியை எடுத்தார். கூடையில் முதல் நடையை நிரப்பித் தலையில் ஏற்றினார். ஒழுகியது, காதோரம் வழிந்து சட்டைக் காலருக்குள் இறங்கியது. துடைக்கக் கை இல்லாமல் அப்படியே நடந்தார். வீட்டுக்காரம்மா மாடி ஏறிப் போய்விட்டார்.

குவியல் ஜன்னல் விளிம்புவரை எழும்பியது. அக்கா காய்ந்த இலைகளை அள்ளி அதன்மேல் மூடினாள். இலைகளுக்கு அடியில் ஏதோ நெளிவது தெரிந்தது. "நாளையிலேர்ந்து தினம் கிளறணும். அப்பதான் உள்ள காத்துப் போகும்," என்றாள். யார் கிளறுவது என்று அத்தான் கேட்கவில்லை.

"ராத்திரி தங்கிட்டுப் போயேன்டா," என்றாள் அக்கா. அவர்கள் வீட்டில் படுக்க இருப்பது அந்த ஒரே அறைதான். கை காலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, குடிக்கத் தந்த தண்ணீரைக்கூடத் தொடாமல், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன்.