ஹெப்டன் கொல்லையில் நடை பாத்தியதை

போன மாதம் என் தங்கை மகள் வீடு வாங்கினாள். வக்கீல் யார் என்று கேட்டேன். தெரியாதாம். நெட்டில் எத்தனை நட்சத்திரம் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தாளாம், டீ கெட்டில் வாங்குகிற மாதிரி. ஃபோன் செய்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு புதுக் குரல், முதலில் கேஸ் நம்பரைக் கேட்கிறதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பத்தெட்டு வருடம் நான் பத்திர வக்கீலாக இருந்தேன். என்னிடம் வந்த யாருக்கும் நம்பர் கிடையாது, பெயர்தான்.

எங்கள் சின்ன ஊரான ஹாலோபெக்கில் என் அலுவலகம் பன்றிக்கறிக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் கீழே கறி அடைத்த 'பை' என்கிற பண்டம் சுடுவார்கள். வெண்ணெய் மாவு வேகிற வாசனை படியேறி வந்து பத்திரக் கட்டுகளில் ஒட்டிக்கொள்ளும். லீட்ஸ் நகரத்து வக்கீல் ஒருவர், என் கடிதங்களைப் பிரித்தால் பசிக்கிறது என்று ஒருமுறை எழுதியிருந்தார். அந்த வாசனை இல்லாத வெள்ளிக்கிழமை எனக்கு இன்னும் பழகவில்லை.

ஒலிவ் சக்டன் தன் வீட்டை விற்க என்னிடம் வந்தது எண்பத்து மூன்றாம் வருடம், மார்ச் மாதத்தில். ஐம்பத்தேழு வயது, கல்யாணமாகாதவள், பள்ளிக்கூடச் சமையலறையில் தலைமைச் சமையல்காரி. அவள் முதலில் போனது எதிர்ச்சாரியில் இருந்த வக்கீல் கிரிம்ஷாவிடம்.

"அவரு எல்லாம் சரியாயிடும்னு சொன்னாரு மிஸ் ஃபிர்த். கட்டப் பிரிச்சே பாக்கல. மூடியத் தொறக்காம உப்பு சரியா இருக்குங்கிறவன என் அடுப்படியில விட மாட்டேன். நீங்க பிரிச்சுப் பாருங்க" என்று பத்திரக் கட்டை என் மேசையில் வைத்தாள்.

ரோஜா நிற நாடாவை அவள் எதிரிலேயே அவிழ்த்தேன். கால் மணி நேரத்தில் கெட்ட செய்தியும் சொன்னேன். அவள் வீடு டானர் ரோ என்ற தெருவில் ஒட்டிக் கட்டிய கல்வீடுகளின் வரிசையில் நடுவில் இருந்தது. பின்பக்கம் போக வழி கிடையாது. நிலக்கரி மூட்டை வருவதும் குப்பைத் தொட்டி வெளியே போவதும் பக்கத்து வீட்டு ஹெப்டனின் கொல்லை வழியாகத்தான். ஆனால் அந்த வழியில் நடக்க அவளுக்குப் பாத்தியதை உண்டு என்று ஒரு பத்திரத்திலும் ஒரு வரி இல்லை.

"இருபத்தாறு வருசமா நடக்கறேனே!"

"நடக்கறீங்க. காகிதத்துல நடக்கல. வாங்கறவங்களோட வக்கீல் இதப் பிடிப்பாரு."

பிடித்தார். வழிக்கு ஆதாரம் இல்லாவிட்டால் தன் கட்சிக்காரர் வேறு வீடு பார்த்துக்கொள்வார் என்று அடுத்த வாரமே லீட்ஸிலிருந்து கடிதம் வந்தது.

ஒலிவுக்கு இது வெறும் வீடு விற்கிற விவகாரம் இல்லை. கடலோரம் ஃபைலியில் வால்டர் என்று ஒருவர், மீன்பிடிப் படகில் இருந்து ஓய்வு பெற்றவர், அவளைக் கல்யாணத்துக்குக் கேட்டிருந்தார். இரண்டு பேர் வீட்டையும் விற்று அங்கே ஒரு சின்னத் தனிவீடு வாங்குவதாக ஏற்பாடு. அந்த வீட்டுக்காரர் ஏப்ரல் கடைசிவரைதான் பொறுப்பேன் என்று சொல்லிவிட்டார்.

"அம்பத்தேழு வயசுல ஒருத்தர் கேட்டிருக்காரு மிஸ். நல்ல மனுஷன். இன்னொரு தடவ யாரும் கேக்கப் போறதில்ல" என்றாள். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஹெப்டன் புதிதாக ஒரு பாத்தியதைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் முடிந்துவிடும். ஆனால் அந்த வீட்டில் பாதி நியூசிலாந்தில் இருந்த அவர் தம்பிக்குச் சொந்தம். அவர் கையெழுத்து வந்து சேரக் கோடை வந்துவிடும். மிச்சம் இருந்தது பழைய சட்டம் ஒன்றுதான். இருபது வருடம் ஒருவர் ஒரு வழியில் நடந்தால் அது அவர் உரிமை. ஆனால் முட்டி மோதி நடந்திருக்கக் கூடாது, ஒளிந்து நடந்திருக்கக் கூடாது, அனுமதி வாங்கியும் நடந்திருக்கக் கூடாது. திருடனாகவும் இருக்கக் கூடாது, விருந்தாளியாகவும் இருக்கக் கூடாது. 'போய்க்கொள்' என்று நிலத்துக்காரர் சொல்லிவிட்டால் அது அவர் தயவு. தயவு நூறு வருடம் ஆனாலும் உரிமையாகாது. இப்படித்தான் நடந்தது என்று ஹெப்டன் உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் போதும்.

வேண்டுமானால் தனக்கென ஒரு வக்கீலைக் கேட்டுக்கொள்ளலாம் என்று சொல்லி அவருக்கு எழுதினேன். மறுநாளே வந்துவிட்டார். கிளிஃபர்ட் ஹெப்டன், ரயில்வேயில் சிக்னல்காரர், அறுபது வயது, தனிக்கட்டை. சாவு வீட்டுக்குப் போடுகிற கறுப்பு சூட்டில், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என் கொல்லையில நடந்தத எனக்குச் சொல்ல இன்னொரு வக்கீலா? மிஸ் சக்டனுக்கு ஆகணும்னா எங்க போடணும் கையெழுத்து?"

"முதல்ல உக்காருங்க. படிக்கிறேன்." படித்தேன். 'என்னிடம் அனுமதி எதுவும் பெறாமல்' என்ற இடத்தில் கையை உயர்த்தினார்.

"அது தப்பும்மா. நான் விட்டேனே. அவங்கள நடக்க வேணாம்னு சொல்ல நான் என்ன நாயா? தாராளமா போகட்டும்னுதான் விட்டேன்."

போச்சு என்று நினைத்தேன். எங்கள் ஊர்க்காரர்களின் மரியாதை இருக்கிறதே, கல்லையும் கரைக்கும், பத்திரத்தையும் கரைத்துவிடும். அவர் சொன்னதைக் காதில் வாங்காதது போல மேலே படித்திருக்கலாம். அப்படிச் செய்கிற வக்கீல்களை எனக்குத் தெரியும். என்னால் முடியவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, சட்டம் என்ன என்று முழுவதும் சொன்னேன்.

"நடக்கட்டுமான்னு அவங்க உங்களக் கேட்டாங்களா?"

"இல்ல."

"நடந்துக்குங்கன்னு நீங்க சொன்னீங்களா?"

"சொல்றதா?" தொப்பியைச் சுற்றினார். "சொன்னதில்ல. பனிக்காலத்துல அவங்க ஆறரைக்கு ஸ்கூலுக்குப் போகணும். வழியில ஐஸ் வழுக்கும். ஆறு மணிக்கு முன்னாடியே அடுப்புச் சாம்பலத் தூவிடுவேன். கொல்லைக் கதவத் தாழ் எடுத்து வெச்சிடுவேன். சுவர்ல ஒரு விளக்கு போட்டேன்."

"அவங்களுக்காகன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"எப்படித் தெரியும்? தெரிஞ்சா சங்கடமா இருக்குமில்ல. என் நிலக்கரிக் கொட்டகைக்காகங்கிற மாதிரி போட்டேன்."

"அவங்ககிட்டப் பேசவே மாட்டீங்களா?"

"பேசுவேனே. குளிரா இருக்கும்பேன். ஆமா மிஸ்டர் ஹெப்டன்ம்பாங்க."

"இருபத்தாறு வருசமாவா?"

"ஜூலையில வெயிலப் பத்திப் பேசுவோம்" என்றார் கோபமாக.

மனசுக்குள் கொடுத்த அனுமதி சட்டத்தில் அனுமதியாகாது, வாயால் சொல்லியிருக்க வேண்டும் என்று விளக்கினேன். தொப்பியை மேசையில் வைத்தார்.

"அப்ப நான் ஒரு தடவ சொல்லியிருந்தேன்னு வெச்சுக்குங்க. போய்க்கங்கன்னு."

"இந்த விற்பனை நின்னுடும். மிஸ் சக்டன் இப்போதைக்கு எங்கயும் போக முடியாது."

அதைச் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒரே ஒரு பொய் போதும். 'சொன்ன ஞாபகம் வருகிறது' என்றால் போதும். அவள் பக்கத்து வீட்டிலேயே இருப்பாள். கீழே கறிக்கடையில் கத்தி தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"சொன்னதில்லம்மா" என்றார். "ஒரு நாளும் சொன்னதில்ல. நல்லா தெளிவா எழுதுங்க."

சாம்பல், தாழ்ப்பாள், விளக்கு எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும் என்றேன். அவள் நடந்தது அவருக்குத் தெரிந்தே நடந்தது என்று காட்டியாக வேண்டும்.

"லீட்ஸ்காரர்தானே படிப்பாரு?"

"விக்கிற மிஸ் சக்டனும் படிப்பாங்க. படிக்காம நான் கையெழுத்து வாங்க மாட்டேன்."

காது வரை சிவந்துவிட்டார். பிறகு, "சரி, டைப் அடிங்க" என்றார்.

என் கட்சிக்காரருக்கான உறுதிமொழியை என் எதிரிலேயே செய்யக் கூடாது என்பது விதி. தெருவைத் தாண்டி கிரிம்ஷாவிடம் அழைத்துப் போனேன்.

"பைபிள் வேணாமா?" என்று ஹெப்டன் கேட்டார். வேண்டாம், உங்கள் வார்த்தையே போதும் என்றார் கிரிம்ஷா. இருபத்தாறு வருடம் வார்த்தையே சொல்லாத மனிதரிடம் இதைச் சொல்கிறார்களே என்று நினைத்தேன்.

லீட்ஸ்காரர் நான்கே நாளில் திருப்தி என்று பதில் போட்டார். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை ஒலிவ் கையெழுத்துப் போட வந்தாள். கல்யாணத் தேதி குறித்தாகிவிட்டது. கீழே வாங்கிய கறிப் பை இரண்டு கொண்டுவந்திருந்தாள், ஒன்று எனக்கு. உறுதிமொழியை அவளிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சமையல் குறிப்பு படிப்பவளைப் போல ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

"அந்தச் சாம்பல் கவுன்சில்காரங்க போடறதுன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றாள்.

மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். நான் பையைத் தொடவில்லை.

"'எந்தக் காலத்திலும் நான் அவரிடம் எதுவும் சொன்னதில்லை'ன்னு இருக்கே மிஸ். ஒருவேள சொல்லியிருந்தா?"

எனக்கு அப்போது முப்பத்தொரு வயது, கேஸ் ஜெயித்த கர்வம் வேறு. சட்டத்தைத்தான் கேட்கிறாள் என்று நினைத்துவிட்டேன். "சொல்லியிருந்தா உரிமை போயிருக்கும். நீங்க வீட்ட வித்திருக்கவே முடியாது" என்றேன்.

கண்ணாடியைக் கழற்றினாள்.

"அவர் சொல்லியிருந்தா நான் எதுக்கு மிஸ் விக்கப் போறேன்?"

பதிலுக்குக் காத்திருக்காமல் பேனா கேட்டாள். நான் காட்டிய மூன்று இடங்களிலும் கையெழுத்துப் போட்டாள், அழகாக, ஒரே மாதிரி. கீழே சாட்சி என்ற இடத்தில் நான் போட்டேன். என்னுடையதுதான் கோணலாக விழுந்தது.