படுக்கையில் விழாத உண்ணாமலை ஆச்சி

“நானாடா படுத்த படுக்கை? எங்குட்டு இருக்கு அந்தப் படுக்கை, காட்டு. போய்ப் படுத்துக்கிடுறேன்.”

“ஆத்தா, மெதுவாப் பேசு. தெருவுக்கே கேக்குது.”

“கேக்கட்டும். சென்னை வரைக்கும் சொன்னவனுக்குத் தெருவுல என்னடா வெக்கம்?”

தெருவுக்குக் கேட்கத்தான் செய்தது. எங்கள் பின்கட்டுக்கும் அவர்கள் பின்கட்டுக்கும் நடுவே ஒரே சுவர். ஞாயிற்றுக்கிழமை வேறு. எங்கள் வீட்டில் எல்லாருக்குமே பின்கட்டில் ஏதோ ஒரு வேலை இருந்தது. நான் வெங்காயம் உரித்தேன். என் வீட்டுக்காரர் ஆயுளில் முதல்முறையாகத் துணி காயப்போட்டார்.

கத்தியது உண்ணாமலை ஆச்சி. எழுபதைத் தாண்டியவர். தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தது அவர் மகன் காசிவிஸ்வநாதன். காரைக்குடியிலேயே ஒரு அரிசி ஆலையில் கணக்குப் பார்த்துவந்தவன். கறுப்பு முடியோடு போய் உட்கார்ந்த ஆலை நாற்காலியிலேயே அவனுக்கு முடி நரைத்திருந்தது.

சங்கதி இதுதான். சென்னையில் ஒரு கம்பெனி அவனை அக்கவுண்ட்ஸ் மேனேஜராக வரச் சொல்லியிருந்தது. கம்பெனிக்காரர் வள்ளியப்பன் அவனுக்கு ஒரே கோயில் பங்காளி. இங்கே வாங்குவதைவிடச் சம்பளம் நல்ல கூடுதல் என்று காசியின் மனைவி மீனாள் என்னிடம் சொன்னாள். நான் துருவிக் கேட்கவில்லை. இரண்டாவது தடவை கேட்டபோதே சொல்லிவிட்டாள்.

காசி உடனே சரி என்று சொல்லவில்லை. குடும்பம் இருக்கிறதே, யோசிக்க வேண்டாமா என்றான். மகள் தீக்ஷா பிளஸ் டூ படிக்கிறாள் என்றான். “நீங்க போங்க அப்பச்சி, நான் படிச்சுக்கிடுவேன்” என்று அவள் அப்பாவிடம் சொல்லிவிட்டாள். மீனாளுக்கு இங்கே பள்ளிக்கூட வேலை இருக்கிறது என்றான். பரீட்சை முடிந்ததும் வேலையை விட்டுவிட்டுப் பின்னாலேயே வருகிறேன் என்றாள் மீனாள். தடைகளைக் குடும்பமே ஒவ்வொன்றாக எடுத்துப்போட, காசியின் முகம் வாடிக்கொண்டே வந்தது. கடைசியில் மிஞ்சியது ஆத்தா ஒருத்திதான்.

“ஆத்தாளைத் தனியா விட்டுட்டு எப்படிப் போறது? யாரு சோறு போடுவா?” என்று பெருமூச்சு விட ஆரம்பித்தான். பால் வாங்கும்போது விட்டான். இஸ்திரி வண்டிப் பக்கம் விட்டான். நல்ல பிள்ளை என்று நாங்களும் சொல்லிவிட்டு, வீட்டுக்குள் வந்து சிரித்தோம்.

சிரிக்காமல் என்ன செய்வது? மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அவர்கள் வழக்கப்படி வேறு வைத்துவிடுவார்கள். வீடு ஒன்றுதான், அடுப்பு தனி, அரிசி தனி. அன்றிலிருந்து ஆச்சி தன் சோற்றைத் தானேதான் பொங்குகிறார். போதாததற்கு, மீனாள் பள்ளிக்கூடம் போகிற நாட்களில் குழம்புச் சட்டி நடப்பது ஆச்சி அடுப்பிலிருந்து மகன் வீட்டு அடுப்புக்குத்தான். யார் யாருக்குச் சோறு போடுகிறார்கள் என்பது சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிற எங்களுக்கு வாசனையிலேயே தெரியும்.

இதைத் தெருவோடு நிறுத்தியிருக்கலாம். கம்பெனிக்கும் போன் பண்ணி, ஆத்தா படுத்த படுக்கையாகிவிட்டார், நான்தான் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டான். வெளி மனிதர் என்றால், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று போனை வைத்திருப்பார். இவன் சொன்னது பங்காளியிடம். பங்காளி வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் ஒரு நடை வந்து பார்க்காமல் இருப்பார்களா? இத்தனை வருஷம் இந்த ஊரிலேயே இருந்தவனுக்கு இது எப்படித் தோன்றாமல் போனதோ.

பக்கத்து ஊரான நாச்சியாபுரத்துக்கு ஒரு கல்யாணத்துக்கு வந்த வள்ளியப்பன், அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாக வந்து நின்றார். நான் அவர்கள் வாசலுக்கு நேரே கீரைக்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். காசி வாசலுக்கு ஓடி வந்தான். அந்த நேரம் பார்த்து, மாடியில் வற்றல் காயப்போட்டுவிட்டு, காலி அண்டாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஆச்சி படியிறங்கி வந்தார்.

“யாரைப் பாக்க வந்தீக?”

“உண்ணாமலை ஆச்சியை. படுத்த படுக்கையா இருக்காகன்னு காசி சொன்னாரு. எந்த ரூம்ல இருக்காக?”

ஆச்சி மகன் முகத்தைப் பார்த்தார். அவன் ஆப்பிள் பையை வாங்கி, அதற்குள்ளேயே நுழைந்துகொள்ளலாமா என்பதுபோல் குனிந்து நின்றான். ஆச்சி அண்டாவைக் கீழே வைத்தார். தூணைப் பிடித்துக்கொண்டார். இருமினார்.

“நாந்தேன் அது. இன்னைக்குத்தான் சித்த எந்திரிச்சு நடக்குறேன். உக்காருங்க.”

அதுவரை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்தவரை வெறும் வாயோடு அனுப்ப ஆச்சிக்குத் தெரியாது. மீனாளோ கோயிலுக்குப் போயிருந்தாள். இருமிக்கொண்டே உள்ளே போன படுத்த படுக்கை, வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும் காபியுமாகத் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தது.

வள்ளியப்பன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கையைக் கழுவிக்கொண்டு சொன்னார்: “ஆச்சி நல்லாத் தேறிட்டாக. இனி உங்களுக்குத் தடை ஒண்ணும் இல்லை. நாளைக்கிப் போன் பண்ணுங்க காசி.” குரலில் கோபமே இல்லை. கொஞ்சம் கோபப்பட்டிருந்தால் காசிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கார் தெருமுனை திரும்பியதும் தொடங்கியதுதான் முதலில் சொன்ன சத்தம். நடுவில் மீனாள் வந்து சேர்ந்தாள். விஷயம் புரிந்ததும் புருஷனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாமியாரிடம் திரும்பினாள்.

“உங்களாலதான் இவுக போக முடியலைன்னு நெனச்சு, இத்தனை நாளா உங்ககிட்ட முகங்குடுத்துப் பேசலையே அத்தை. குழம்புச் சட்டியைக்கூடத் தொடாமத் திருப்பி வச்சேனே.”

“அதான் சங்கதியா? உப்புக் கூடிப்போச்சாக்கும்னுல்ல நெனச்சேன்.”

பிறகுதான் காசி வாயைத் திறந்தான். சுவரோரம் போய் நின்றால்தான் கேட்டது.

“பயமா இருந்துச்சு ஆத்தா. அங்க எல்லாம் சின்னப் பிள்ளைக. கம்ப்யூட்டர்ல என்னென்னமோ பண்ணுதுக. இங்க நான் சொன்னாச் சரின்னு கேட்டுக்கிடுறாக. அங்க போயித் தெரியாம முழிச்சேன்னா? இந்த வயசுல பயமா இருக்குன்னு யார்கிட்டச் சொல்றது?”

ஆச்சியின் குரல் இறங்கியிருந்தது.

“எங்கிட்டச் சொல்லியிருந்தா நெசமாவே படுத்திருப்பேனேடா.”

என் வீட்டுக்காரர் மிச்ச ஈரத்துணியை வாளியிலேயே போட்டுவிட்டு உள்ளே போனார். நானும் போனேன், வெங்காயம் எப்போதோ தீர்ந்திருந்தது.

மறுநாள் காசி போன் பண்ணினான். தைரியம் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பால்காரர், இஸ்திரிக்காரர், எதிர்வீட்டார் என்று பார்த்தவர்கள் எல்லாம் “ஆத்தாளுக்கு இப்பத் தேவலையா?” என்று விசாரித்தார்கள். நான்கூட ஒன்றிரண்டு தடவை விசாரித்திருப்பேன். சென்னையில் இருக்கிற சின்னப் பிள்ளைகளே மேல் என்று அவனுக்குத் தோன்றியிருக்கும். அந்த மாதமே கிளம்பிவிட்டான், விடிகிறதற்கு முந்திய பஸ்ஸில்.

பரீட்சை முடிந்து மீனாளும் சென்னைக்குப் போனாள். தீக்ஷா கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் சேர்ந்தாள். ஆச்சி மட்டும் எங்கேயும் போகவில்லை. காசி வரும்போதெல்லாம் ஒரு ஹார்லிக்ஸ் வாங்கி வருகிறானாம். ஆச்சி அதை எங்கள் வீட்டுக்குத் தள்ளிவிடுகிறார்.

அரிசி ஆலையில் காசியின் நாற்காலிக்கு வந்த வயிரவனுக்குப் போன ஆவணியில் சாக்கோட்டைப் பெண்ணோடு கல்யாணம் நடந்தது. ஆச்சி எங்களோடு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிட்டார். காசியும் சென்னையிலிருந்து வந்திருந்தான். கடைசிப் பந்தியில், ஓரத்து இலையில் உட்கார்ந்தான். பரிமாறியவர் வெளியூர் உறவுக்காரர் ஒருவர், இந்தச் சங்கதி ஒன்றும் அறியாதவர். சாம்பாரை ஊற்றிக்கொண்டே, “ஆத்தா சௌக்கியமா?” என்று மரியாதைக்குக் கேட்டார்.

காசி இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.