செவ்வாய்க்கிழமைப் பின்னல் வகுப்பு

எங்கள் பங்குத் தேவாலய மண்டபத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் நடப்பது பின்னல் வகுப்பு என்றுதான் ஊரே நம்பிக்கொண்டிருந்தது. நம்ப வைத்தது நாங்கள்தான். பையில் நூல்கண்டும் ஊசியும் மேலே தெரியும். அடியில் புத்தகம் இருக்கும். இந்த வயதில் எழுத்துக்கூட்டக் கற்கிறோம் என்று தெரிந்தால், அயர்லாந்தின் இந்த மூலையில் சாகும்வரை அதையே சொல்லிச் சிரிப்பார்கள். கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று சொல்லிச் சொல்லியே பாதி ஆயுளை ஓட்டியவள் நான். என் பார்வையில் ஒரு குறையும் கிடையாது.

எனக்குப் பள்ளிச் சமையலறையில் வேலை. எங்கள் ஆசிரியை கோப்னெட் வந்த பிறகுதான் மாவுப் பையின் மேல் இருப்பதை நானே வாசித்தேன். அன்று ஏறிய திமிர் இன்னும் இறங்கவில்லை.

அதில் மண்ணைப் போட வந்தார் மண்டபக் குழுத் தலைவர் ஃபின்டன் கியூசாக். பொதுக்கூட்டத்தில் எழுந்து, எங்கள் அறையை உடம்பு இளைக்கப் பாடுபடுபவர்களின் சங்கத்துக்குக் கொடுக்கப்போவதாகச் சொன்னார்.

“ரெண்டு வருஷமாப் பின்னுறாங்க. என் பேரனுக்கு ஒரு தொப்பி கேட்டேன், வந்த பாடில்ல. ஒரு காலுறையாவது யாராச்சும் கண்ணால பாத்திருக்கீங்களா?”

மண்டபமே குலுங்கிச் சிரித்தது. அறை போனால் வகுப்பும் போச்சு. அதை விட்டால் நகரத்துக் கல்லூரிதான். அந்தப் பெரிய வாசலில் எங்களில் ஒருத்தியும் கால் வைக்கமாட்டாள்.

பக்கத்தில் இருந்த வகுப்புத் தோழி டிம்ப்னா, எழப்போன என் கையைப் பிடித்து இழுத்தாள். “வாய மூடிட்டு உக்காருடி அட்ராக்டா. கடையில ஒரு தொப்பி வாங்கிக் குடுத்துரலாம்.”

“தொப்பி குடுத்தா அடுத்து சட்டை கேப்பாருடி,” என்று எழுந்தேன். ஆத்திரம்தான் எழுப்பி நிறுத்தியது.

“எங்களுக்குப் பின்னவே தெரியாதுங்க, கியூசாக். அங்க நாங்க படிக்கக் கத்துக்கிறோம். எனக்கு அம்பத்தாறு வயசு. போன வருஷம் வரைக்கும் என் பேரத் தவிர ஒண்ணும் எழுதத் தெரியாது. சிரிக்கணும்னா இப்பவே சிரிச்சு முடிச்சிருங்க.”

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது திட்டித் தீர்த்திருப்பேன். டிம்ப்னா என்னை முறைத்துவிட்டு, “நானுந்தான்,” என்று எழுந்து நின்றாள்.

கியூசாக்கின் முகம் இளகியது. “முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா. இளைக்கிறவங்களுக்கு வேற இடம் பாத்துக்கறோம். உங்களுக்கு மண்டபத்துப் பின்பக்கம் ஒரு சின்ன ரூம் தர்றேன். கொல்லை வழியா வந்து போங்க. ஒருத்தர் கண்ணுலயும் பட வேணாம்.”

நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் சுருக்கென்று தைத்தது. நேற்றுவரை நானே கெஞ்சிக் கேட்டிருக்கக்கூடிய அறை அது.

“வேணாங்க. ரோட்டப் பாத்த ரூமக் குடுங்க.”

“பஸ்ஸுக்கு நிக்கிறவங்க எல்லாம் பாப்பாங்களேம்மா!”

“பாக்கட்டும்.”

அடுத்த செவ்வாயன்று திரைச்சீலையை நானே ஒதுக்கிக் கட்டினேன். நான் வாசித்துக்கொண்டிருந்தபோது, பேருந்துக்கு நின்றிருந்த இறைச்சிக் கடைக்காரி கண்ணாடியில் மூக்கை வைத்து எட்டிப் பார்த்தாள். பாதி வரியில் தடுக்கினேன். முகம் கொதித்தது. எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டு, அந்த வரியை முதலிலிருந்து, தெருவுக்கே கேட்கும்படி வாசித்தேன்.